ஐ.ஐ.டி பாம்பே ஐ.டி.சி எம்.டெஸ்: சேரலாமா, யாருக்கு செட் ஆகும்?

முடிவை முதல்லயே சொல்லிடறேன். இன்ஜினியரிங்கோ ஆர்க்கிடெக்சரோ முடிச்சிட்டு டிசைன் பக்கம் வரணும்னு தவிக்கிற நம்மூர் பசங்க யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது மும்பை பவாய்ல இருக்கிற ஐ.ஐ.டி பாம்பேவோட ஐ.டி.சி ஸ்கூல் ஆஃப் டிசைன் தான். நான் மெக்கானிக்கல் முடிச்சிட்டு அங்க எம்.டெஸ், அதாவது மாஸ்டர் ஆஃப் டிசைன் பண்ணவன், இப்போ சென்னையில ஒரு ப்ராடக்ட் கம்பெனியில டிசைன் டீம்ல இருக்கேன், புதுசா ஆள் எடுக்கும்போது போர்ட்ஃபோலியோ, அதாவது அவங்க செஞ்ச வேலைகளோட தொகுப்ப பாக்குற வேலையும் என்கிட்ட தான் வரும், அதனால படிச்ச பக்கத்துல இருந்தும் ஆள் எடுக்குற பக்கத்துல இருந்தும் பேச முடியும்னு நினைக்கிறேன். கண்டிப்பா எல்லாருக்கும் இது செட் ஆகாது, யாருக்கு ஆகாதுன்னும் கீழ சொல்லியிருக்கேன்.

பொதுவா இந்த கோர்ஸ் பத்தி கேக்குறவங்க முதல் கேள்வியே பேக்கேஜ் எவ்ளோங்கறது தான். அப்பா அம்மாவும் அதையே தான் கேப்பாங்க, அவங்க கவலை நியாயமானது, நாலு வருஷம் பி.இ படிக்க வச்சு அப்புறம் இன்னும் ரெண்டு வருஷம் படம் வரையப் போறேன்னு புள்ள வந்து நின்னா எந்த வீட்லயும் கேக்கத்தான் செய்வாங்க. ஆனா டிசைன் மாஸ்டர்ஸ எடை போட பேக்கேஜ விட பயன்படற கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த ரெண்டு வருஷத்துல விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் நான் செஞ்ச வேலைய எத்தனை தடவை பக்கத்துல உக்காந்து பாப்பாரு, பாத்துட்டு கஷ்டமான கேள்வி கேப்பாரா, அதுக்கப்புறம் அந்த வேலைய திருப்பி செய்ய டைமும் இடமும் மெஷினும் கொடுப்பாங்களா. இது இருக்கிற எடம் நல்ல எடம், இது இல்லாத எடத்துல பில்டிங் எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. சாஃப்ட்வேர் கத்துக்கிறத வீட்ல உக்காந்தே யூட்யூப் பாத்து பண்ணிடலாம், அதுக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டணும்னு அவசியமே இல்ல.

ஐ.டி.சி 1969ல ஆரம்பிச்சது, அப்போ இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர்னு பேரு. ஜெர்மனியில உல்ம் நகரத்துல இருந்த டிசைன் ஸ்கூல்ல படிச்சிட்டு வந்த சுதாகர் நட்கர்னி தான் அதை கட்டி எழுப்பினவரு, பின்னாடி ஐ.ஐ.டி குவஹாத்தியில டிசைன் டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சதும் அவரே. ஓவியக் கல்லூரியா இல்லாம ஒரு டெக்னாலஜி இன்ஸ்டிட்யூட்டுக்குள்ள பொறந்ததால இதோட குணமே வேற. இண்டஸ்ட்ரியல் டிசைன், கம்யூனிகேஷன் டிசைன், அனிமேஷன் அண்ட் ஃபிலிம் டிசைன், இண்டராக்‌ஷன் டிசைன், மொபிலிட்டி அண்ட் வெஹிக்கிள் டிசைன்னு அஞ்சு பிரிவு இருக்கு. அப்ளை பண்ணும்போதே உங்க பிரிவு எதுன்னு முடிவு பண்ணிடணும், உள்ள போய் பாத்துக்கலாம்னு நினைச்சுட்டு வராதீங்க.

அங்க என்ன மாதிரி வேலை நடக்கும்னு ஊர்ல கேக்குறவங்களுக்கு நான் காட்டுற உதாரணம் ஓட்டு மெஷின். நம்ம எல்லாரும் கை வச்சு அழுத்தின சாமான் அது. எம்.பி. ஹனீஃபாங்கறவர் 1980ல ஒரு ஓட்டு மெஷின உருவாக்கி தமிழ்நாட்டுல ஊர் ஊரா கண்காட்சியில வச்சாரு, அப்புறம் தேர்தல் கமிஷனுக்காக செஞ்ச மெஷினோட இண்டஸ்ட்ரியல் டிசைன் வேலையில ஐ.டி.சி ப்ரொஃபசருங்க ஏ.ஜி. ராவும் ரவி பூவையாவும் இருந்தாங்க. 1982ல கேரளாவுல வடக்கு பறவூர் தொகுதியில முதல் தடவையா வச்சு பாத்தாங்க, 2001 சட்டமன்றத் தேர்தல்ல நம்ம தமிழ்நாடு முழுக்க வந்துடுச்சு. அடுத்த தடவை ஓட்டு போடும்போது அவசரப்படாம ஒரு நிமிஷம் நின்னு அதை பாருங்க. பேரு, பக்கத்துல சின்னம், அதே வரிசையில நீல பட்டன். அழுத்தினா பக்கத்துல சிவப்பு லைட் எரியும், நீளமா ஒரு பீப் சத்தம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சின்னத்த பாத்து அழுத்திடுவாங்க, கண்ணு சரியா தெரியாதவரு சத்தத்த வச்சு ஓட்டு விழுந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்குவாரு, பூத்துக்குள்ள உக்காந்திருக்கிற கட்சி ஏஜெண்டுக்கும் அந்த சத்தம் கேக்கும். அதுல அழகுக்காகன்னு வச்ச ஒரு கோடு கூட கிடையாது. யார் தொடப் போறாங்க, எந்த பயத்தோட தொடுவாங்கன்னு யோசிச்சு முடிவு எடுக்கறது தான் அங்க சொல்லித்தர்ற டிசைன். அது பிடிச்சவங்களுக்கு இந்த கோர்ஸ் பிடிக்கும், போஸ்டர் அழகா வந்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கு போரடிக்கும்.

க்ளாஸ் முறைய பத்தி சொல்லணும்னா, முதல்ல அடிப்படை விஷயங்க வரும், வரையறது, கலர், வடிவம், எர்கனாமிக்ஸ் (மனுஷ உடம்புக்கு ஏத்த மாதிரி பொருள அமைக்கறது), டிசைன் வரலாறு. அதுக்கப்புறம் எல்லாமே ப்ராஜெக்ட். பி1, பி2, பி3ன்னு தான் அங்க பேசிப்பாங்க, பி3 தான் கடைசி பெரிய ப்ராஜெக்ட். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கைடு இருப்பாரு, அவரை பாத்துப் பேசிப் பேசித்தான் வேலை நகரும், முடிவுல ஜூரி. ஜூரின்னா செஞ்சதெல்லாம் சுவத்துல ஒட்டி, மாடல டேபிள் மேல வச்சு, ப்ரொஃபசருங்க, சில சமயம் வெளியில இருந்து வர்றவங்க முன்னாடி நின்னு பதில் சொல்றது. மார்க்குக்கு பயந்து படிச்சு வளந்த நமக்கு இது ஆரம்பத்துல கஷ்டமா தான் இருக்கும், ஏன்னா இங்க சரியான விடைன்னு ஒண்ணு கிடையாது, ஏன் இப்படி செஞ்சேங்கறதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா இல்லையாங்கறது தான் பேச்சு.

என் கூட படிச்ச ஒரு பொண்ணு காய்கறி தள்ளுவண்டிய ப்ராஜெக்டா எடுத்தா. கைடு அவள கம்ப்யூட்டரையே தொட விடல, முதல்ல வண்டிக்காரங்க கூட போய் நின்னு பாருன்னு அனுப்பிட்டாரு. காலையில மார்க்கெட்ல சரக்கு ஏத்தறதுல இருந்து சாயங்காலம் வண்டிய நிறுத்தற வரைக்கும் கூடவே சுத்தினா. திரும்பி வந்தப்ப அவ நோட்டுல இருந்ததெல்லாம் எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. சரிவுல வண்டி உருளாம இருக்க சக்கரத்துக்கு அடியில வைக்கிற கல்லு, அந்த கல்ல எங்க மாட்டி எடுத்துட்டு போறாங்கங்கறது, கீரை வாடாம இருக்க தண்ணி பாட்டில் மூடியில ஆணியால ஓட்டை போட்டு தெளிக்கிறது, சில்லறைய சாக்குக்கு கீழ ஒரு டப்பாவுல வைக்கிறது, மழை வந்தா தார்ப்பாய இழுத்து கட்ட ஒரு கை போதாம பக்கத்து வண்டிக்காரர கூப்பிடறது, தராசு தட்டு வாங்குறவங்க கண்ணுக்கு நேரா இருக்கணும்னு அதுக்கு கீழ செங்கல் அடுக்கறது. எல்லாத்தையும் வரைஞ்சு வச்சிருந்தா. அதுக்கப்புறம் தான் டிசைனே ஆரம்பிச்சது, முதல்ல சின்ன மாடல், அப்புறம் ஒர்க்‌ஷாப்ல வெல்டிங் பண்ணி முழு சைஸ்ல ஒரு வண்டிய செஞ்சு அத அதே வண்டிக்காரர்கிட்ட கொடுத்து தள்ளச் சொல்லி, அவர் கைப்பிடி உயரம் சரியில்லன்னு சொன்னதும் அறுத்து மறுபடி ஒட்டி. இப்போ இண்டர்வ்யூவுக்கு வர்றவங்க போர்ட்ஃபோலியோவுல நான் தேடறதும் அந்த கல்லையும் அந்த ஓட்டை போட்ட மூடியையும் தான். கம்ப்யூட்டர்ல பளபளன்னு ரெண்டர் படம் எல்லாரும் பண்ணிடறாங்க, ஆள போய் பாத்தேங்கற அடையாளம் தான் அபூர்வமா இருக்கு.

ஒர்க்‌ஷாப்ப பத்தி தனியா சொல்லியே ஆகணும். மரம், இரும்பு, ப்ளாஸ்டிக், செராமிக்னு எல்லாத்துக்கும் வசதி இருக்கு, அதுல இருக்கிற டெக்னீஷியன் அண்ணன்மாருங்க சொல்லித்தர்றது பாடத்துக்கு சமம். ஸ்க்ரீன்ல வளைவா போட்ட ஒரு மூலைய தகட்டுல வளைக்க முடியாதுன்னு அவங்க ஒரே பார்வையில சொல்லிடுவாங்க. இண்டராக்‌ஷன் டிசைன் எடுக்கறவங்களுக்கும் நான் சொல்றது இதுதான், ஆப், ஸ்க்ரீன்னு மட்டும் உக்காந்துடாம அங்க போய் கையில அழுக்கு படற வேலை கொஞ்சமாச்சும் செய்யுங்க.

கூட படிக்கிற கூட்டம் தான் இன்னொரு பெரிய லாபம். பி.இ, பி.ஆர்க், ஃபைன் ஆர்ட்ஸ், சில சமயம் வேற டிகிரி, வேலை பாத்துட்டு வந்தவங்கன்னு எல்லாரும் ஒரே ஸ்டுடியோவுல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர்க்கிடெக்ட் ஒருத்தன் மாடல் எப்படி ஒட்டணும்னு சொல்லித் தருவான், நான் அவனுக்கு கியர் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுவேன். டிசைன் ஆளுங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கிறது ப்ரொஃபசர்கிட்ட கத்துக்கிறதுக்கு கொஞ்சமும் குறைஞ்சது இல்ல, அதனால எந்த காலேஜா இருந்தாலும் எந்த மாதிரி ஆளுங்க சேர்றாங்கன்னு விசாரிங்க.

தமிழ்க்காரங்களுக்கு இன்னொரு விஷயம். ரூபாய் குறியீடு இருக்கே, 2010ல மத்திய அரசு ஏத்துக்கிட்டது, அதை வடிவமைச்ச உதயகுமார் நம்ம ஊர்க்காரர், சென்னையில அண்ணா யுனிவர்சிட்டியில ஆர்க்கிடெக்சர் படிச்சிட்டு ஐ.டி.சியில எம்.டெஸ்ஸும் அப்புறம் பி.எச்டியும் பண்ணவரு, பி.எச்டிக்கு எடுத்துக்கிட்டதே தமிழ் எழுத்து வடிவம் தான். மும்பையில ஒரு டிசைன் ஸ்கூல்ல போய் தமிழுக்கு வேலை செய்ய முடியுமான்னு கேக்குறவங்களுக்கு இதுக்கு மேல பதில் வேணாம். இந்திய மொழி எழுத்துக்கள சீரியஸா எடுத்துக்கிற பழக்கம் அங்க ரொம்ப நாளா இருக்கு, எழுத்து வடிவமைப்புல பெரிய பேரான ஆர்.கே. ஜோஷி அங்க சொல்லிக் கொடுத்தவரு, டைபோகிராஃபி டேங்கற எழுத்து வடிவமைப்பு மாநாட்ட 2008ல இருந்து நடத்திட்டு வர்றாங்க. கூகுள் ஃபாண்ட்ஸ்ல நீங்க ஃப்ரீயா எடுத்து யூஸ் பண்ற முக்தா மலர், பலூ தம்பிங்கற தமிழ் ஃபாண்ட் ரெண்டும் எக் டைப்ங்கற ஃபாண்ட் வடிவமைக்கிற குழுவோடது, அந்த குழுவ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஐ.டி.சி ப்ரொஃபசர் கிரிஷ் தால்வி.

ஸ்வரசக்ரான்னு ஒரு கீபோர்டு ஆப்பும் அங்க இருந்து தான் வந்துச்சு, அதுல தமிழும் இருக்கு. ‘க’ மேல விரல வச்சீங்கன்னா அதைச் சுத்தி ஒரு வட்டம் விரியும், அதுல கா கி கீ கு கூன்னு வரிசையா நிக்கும், வேணும்ங்கற பக்கம் விரல இழுத்து விட்டா அந்த எழுத்து விழுந்துடும். பள்ளிக்கூடத்துல உயிர்மெய் அட்டவணை படிச்ச எவருக்கும் சொல்லித்தராமலே புரியும். இங்கிலீஷ் கீபோர்டு பழக்கமே இல்லாத ஆளுங்கள மனசுல வச்சு செஞ்சது. எழுத்து, மொழி, படிப்பறிவு இதெல்லாம் பிடிச்ச ஆளுன்னா கம்யூனிகேஷன் டிசைனும் இண்டராக்‌ஷன் டிசைனும் உங்களுக்கு பெரிய விருந்து.

காசு விஷயம். ஃபீஸ் வருஷா வருஷம் மாறும், அட்மிஷன் பேஜ்ல இருக்கிறத பாத்துக்குங்க, ஆனா தனியார் டிசைன் காலேஜுங்க வாங்கறதோட ஒப்பிட்டா ரொம்பவே கம்மி. சீட் (CEED)ங்கற டிசைன் நுழைவுத்தேர்வு ஸ்கோர் வச்சு சேர்றவங்களுக்கு மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கற வழியும் இருக்கு, அதுக்கு பதிலா டிபார்ட்மெண்ட்ல டீச்சிங் அசிஸ்டெண்ட் வேலை பாக்கணும். மாடல் செய்யற சாமான், பிரிண்ட், ஃபீல்டு ஒர்க் போக்குவரத்துன்னு கை காசு கரையும், அதுக்கு அந்த தொகை நிஜமாவே கை கொடுக்கும். லோன் பாரம் இல்லாம வெளிய வந்தா முதல் வேலைய சம்பளத்த மட்டும் பாத்து எடுக்க வேண்டியதில்ல, பிடிச்ச வேலைய தேடலாம். டிசைன் ஃபீல்டுல முதல் மூணு வருஷம் யார்கிட்ட வேலை பாக்கறோம்ங்கறது ரொம்ப முக்கியம், அதனால தான் காச பத்தி இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

இனிமே குறைங்க. ரெண்டு வருஷம்ங்கறது கம்மி. வேற ஃபீல்டுல இருந்து வர்றவங்களுக்கு கண்ணும் கையும் பழகவே முதல் வருஷம் ஓடிடும், ரெண்டாவது வருஷத்துல கை நிதானத்துக்கு வர்றப்ப ப்ளேஸ்மெண்ட் பேச்சு ஆரம்பிச்சுடும், பி3யோட ஆழத்த அது பாதிக்கும். இது ரெண்டு வருஷ டிசைன் கோர்ஸ் எல்லாத்துக்கும் பொருந்தும். அடுத்தது ஃபீல்டு ஒர்க் மொழி. க்ளாஸ் இங்கிலீஷ்ல தான், ஆனா தள்ளுவண்டிக்காரர்கிட்டயும் ஹாஸ்பிட்டல் ஆயாகிட்டயும் பேச ஹிந்தி, முடிஞ்சா கொஞ்சம் மராத்தி வேணும். போறதுக்கு முன்னாடி நாலு மாசம் பேச்சு ஹிந்தி பழகிட்டு போங்க, இல்லேன்னா யூசர் ரிசர்ச்ல ஃப்ரெண்ட மொழிபெயர்க்க வச்சே காலம் போயிடும், அவன் சொல்லாம விடற சின்ன சின்ன வார்த்தையில தான் விஷயமே இருக்கும். சாப்பாட்டுக்கு கவலைப்படாதீங்க, காஞ்சூர்மார்க்ல லோக்கல் ட்ரெயின் ஏறினா மாட்டுங்கா, அங்க இட்லி ஃபில்டர் காபி எல்லாம் நம்மூர் ருசியில கிடைக்கும். மழை மட்டும் நீங்க நினைக்கிறத விட ஜாஸ்தி, கார்ட்போர்டு மாடல தூக்கிட்டு போறவங்களுக்கு அந்த கஷ்டம் புரியும்.

கையால செய்யற கலைய, நெசவு, களிமண், கண்ணாடி, மர வேலை இந்த மாதிரி ஒரு பொருளுக்குள்ள முழுசா இறங்கணும்னு ஆசைப்படறவங்க ஐ.டி.சிக்கு பதிலா அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன, அதாவது என்.ஐ.டிய பாக்கணும். 1958ல அமெரிக்க டிசைனர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்ட அடிப்படையா வச்சு 1961ல ஆரம்பிச்ச இன்ஸ்டிட்யூட் அது. அந்த ரிப்போர்ட்ல நம்ம வீட்டு சொம்ப எடுத்து வச்சுக்கிட்டு, இடுப்புல எப்படி உக்காரும், தலையில எப்படி நிக்கும், ஊத்தும்போது எப்படி சாயும், கழுவறது எப்படின்னு அடுக்கிக்கிட்டே போவாங்க, டிசைன் படிக்கணும்னு நினைக்கிற ஒவ்வொருத்தரும் அந்த பக்கங்கள படிக்கணும், இணையத்துல ஃப்ரீயாவே கிடைக்குது. என்.ஐ.டியில எம்.டெஸ் ரெண்டரை வருஷம், அந்த அரை வருஷம் கூடுதலா இருக்கிறது பெரிய வித்தியாசம். டெக்ஸ்டைல், செராமிக் அண்ட் க்ளாஸ், ஃபர்னிச்சர் எல்லாம் அகமதாபாத் பால்டி கேம்பஸ்ல, டாய் அண்ட் கேம் டிசைன் மாதிரி சிலது காந்திநகர்ல, இண்டராக்‌ஷன் மாதிரி சிலது பெங்களூர்ல. வீட்டுக்கு பக்கம்னு பெங்களூர தேர்ந்தெடுக்க முடியாது, பிரிவு எதுவோ அதுதான் கேம்பஸ முடிவு பண்ணும். கைவினைக்காரங்க ஊருக்கே போய் தங்கி வேலைய ஆவணப்படுத்தற பழக்கம் அங்க ஆழமா இருக்கு, அதிதி ரஞ்சனும் எம்.பி. ரஞ்சனும் தொகுத்த ‘ஹேண்ட்மேட் இன் இந்தியா’ அந்த பழக்கத்துல வந்த புத்தகம் தான், லைப்ரரியில கிடைச்சா தமிழ்நாடு பகுதிய புரட்டிப் பாருங்க. ஃபீஸ் ஐ.ஐ.டிய விட நல்லாவே ஜாஸ்தி, அதை கணக்குல வச்சுக்குங்க.

ஊர விட்டு போக முடியாதவங்களும் இருக்காங்க, வீட்டு சூழ்நிலை அப்படி. வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்ல இருக்கிற ட்ரிபிள் ஐ.டி.டி.எம் காஞ்சிபுரம்ங்கற மத்திய அரசு இன்ஸ்டிட்யூட்ல ப்ராடக்ட் டிசைன்ல எம்.டெஸ் இருக்கு, இன்ஜினியரிங் பக்கம் சாய்ஞ்ச ஆளுங்களுக்கு பொருந்தும். எழும்பூர்ல 1850ல ஆரம்பிச்ச அரசு கவின் கலைக் கல்லூரியில விஷுவல் கம்யூனிகேஷன், டெக்ஸ்டைல், செராமிக் எல்லாம் இருக்கு, வரையற கைய பலப்படுத்தறதுல அவங்கள அடிச்சுக்க ஆள் இல்ல, அங்க படிச்சவங்க போர்ட்ஃபோலியோ என் டேபிளுக்கு வரும்போது கோடு ஒண்ணொண்ணுலயும் அது தெரியும். அரசு கல்லூரிங்கறதால செலவும் கையடக்கம். ஆராய்ச்சி, யூசர் டெஸ்டிங் இந்த மாதிரி விஷயங்கள அவங்க தனியா கத்துக்கணும், ஆனா கை பலமா இருக்கிற ஆளுக்கு அத கத்துக்கறது ஈஸி, ஆராய்ச்சி மட்டும் தெரிஞ்ச ஆளு கைய பழக்கறது தான் கஷ்டம்.

தனியார் காலேஜ் பத்தி பேரு சொல்லாம ஒண்ணு சொல்றேன். அக்கா பையன கூட்டிட்டு ஒரு எடத்துக்கு ஓபன் ஹவுஸ், அதாவது காலேஜ சுத்திக் காட்டற நாளுக்கு போனோம். ரிசப்ஷன் ஹோட்டல் மாதிரி, காபி கொடுத்தாங்க, பெரிய ஸ்க்ரீன்ல வீடியோ போட்டாங்க. ஒர்க்‌ஷாப் காட்டுங்கன்னு கேட்டேன், சாவி வச்சிருக்கறவர் இல்லன்னாங்க, விடாம நின்னதும் கொஞ்ச நேரத்துல திறந்தாங்க. 3டி பிரிண்டர் மேல டெலிவரி வந்தப்ப சுத்தின ப்ளாஸ்டிக் கவர் அப்படியே இருக்கு, மர வேலை பெஞ்சுல ஒரு கீறல் கூட இல்ல, தரையில ஒரு சீவல் இல்ல, சுவத்துல கட்டம் போட்ட டூல் போர்டு, அதுல எல்லா டூலும் அதது எடத்துல புதுசா தொங்குது. செமஸ்டர் நடுவுல போன நாள் அது. வேலை நடக்கிற ஒர்க்‌ஷாப் அப்படி இருக்கவே இருக்காது. அக்கா பையனுக்கு நான் ஒண்ணும் சொல்லல, அவனே வெளிய வந்து வேணாம் மாமான்னுட்டான். எல்லா தனியார் காலேஜும் அப்படின்னு சொல்ல மாட்டேன், நல்லா நடத்தறவங்களும் இருக்காங்க, அதனால தான் நேர்ல போங்க, ஞாயித்துக்கிழமை ஓபன் ஹவுஸுக்கு போகாம க்ளாஸ் நடக்கற ஒரு சாதாரண நாள்ல போங்கன்னு சொல்றேன். படிக்கிற பசங்க கிட்ட தனியா பேசுங்க, ராத்திரி எத்தனை மணி வரைக்கும் ஸ்டுடியோ திறந்திருக்கும், சொல்லித்தர்றவங்க முழு நேரமா இல்ல வந்து போறவங்களான்னு கேளுங்க.

வெளிநாட்ல ஒரு வருஷ எம்.ஏ பத்தியும் நிறைய பேர் கேக்கறாங்க. ஏற்கனவே டிசைன்ல நாலஞ்சு வருஷம் வேலை பாத்தவங்களுக்கு அது நல்லது தான், எதுக்கு போறோம்னு தெளிவா தெரிஞ்சு போவாங்க. இன்ஜினியரிங்ல இருந்து நேரா போறவங்களுக்கு வீட்ட அடமானம் வச்சு அந்த ஒரு வருஷத்துக்கு போகாதீங்கன்னு தான் சொல்லுவேன், இடம் பழகி குளிருக்கு உடம்பு பழகறதுக்குள்ள கோர்ஸ் முடிஞ்சுடும்.

சீட் எக்ஸாம். வழக்கமா ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை நடக்கும், அதுக்கு முன்னாடி அக்டோபர் வாக்குல அப்ளிகேஷன் ஆரம்பிச்சுடும். ஏ பகுதி கம்ப்யூட்டர்ல, பி பகுதி பேப்பர்ல கையால வரைஞ்சு எழுதறது. வயசு வரம்பு கிடையாது, எத்தனை தடவை வேணா எழுதலாம், மூணு வருஷ டிகிரி இருந்தாலே போதும், வேலையில இருக்கிற முப்பது தாண்டினவங்களும் தைரியமா எழுதலாம். ஸ்கோர் ஒரு வருஷத்துக்கு தான் செல்லும். ஏ பகுதி முதல்ல வடிகட்டறதுக்கு, கடைசி மார்க்ல அதுக்கு 25 சதவீதமும் பி பகுதிக்கு 75 சதவீதமும் வெயிட்டேஜ், ஆனா கோச்சிங்ல நிறைய பேர் ஏ பகுதி புதிருங்கள்லயே மூழ்கிடறாங்க. தினமும் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, மீன் மார்க்கெட்னு போய் உக்காந்து மனுஷங்கள வரைங்க, வீட்டுக்கு வந்து அதே காட்சிய பாக்காம ஞாபகத்துல இருந்து இன்னொரு கோணத்துல வரைங்க. கோடு அழகா இருக்கணும்னு கூட இல்ல, அளவு சரியா, யார் என்ன பண்றாங்கன்னு பாக்கறவங்களுக்கு புரியணும். ரிசல்ட் வந்ததும் ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்டுக்கும் தனித்தனியா அப்ளை பண்ணணும், அதை நிறைய பேர் மிஸ் பண்ணிடறாங்க. அதுக்கப்புறம் இன்ஸ்டிட்யூட் அவங்களே ஒரு டெஸ்ட்டும் இண்டர்வ்யூவும் வைப்பாங்க.

இண்டர்வ்யூவுக்கு எடுத்துட்டு போற போர்ட்ஃபோலியோவுல கோச்சிங் சென்டர்ல செஞ்ச அதே மரப்பாலம் அதே மூங்கில் நாற்காலி வேணாம், பேனல்ல இருக்கறவங்க அத நூறு தடவை பாத்திருப்பாங்க. உங்க ஊர் சமாச்சாரத்த வைங்க. திருப்பூர் ஆளுன்னா செக்கிங் டேபிள்ல உக்காந்திருக்கற அக்கா கழுத்து வலிய பத்தி ஒரு ஆறு பக்கம், தூத்துக்குடி ஆளுன்னா உப்பளத்துல போட்டுக்கற செருப்ப பத்தி, சிவகாசின்னா பிரிண்டிங் ப்ரெஸ்ல தேதி காலண்டர் எப்படி உருவாகுதுன்னு. கேட்டது, பாத்தது, வரைஞ்சது, செஞ்சு பாத்தது, யார்கிட்ட கொடுத்து பாத்தீங்க, அவங்க என்ன சொன்னாங்க, அதனால என்ன மாத்தினீங்க. டீசோர்ஸ்னு ஒரு வெப்சைட் ஐ.டி.சிகாரங்க நடத்தறது, டிசைன் பாடம், கைவினை ஆவணங்கள்னு நிறைய கொட்டிக் கிடக்கு, ஃப்ரீ தான், இப்படி ஒரு ஆவணத்த எப்படி அடுக்கணும்னு அதுல பாத்து கத்துக்கலாம். அங்க படிச்ச சீனியருங்கள ஆன்லைன்ல தேடிப் பிடிச்சு அவங்க செஞ்ச பி3 ரிப்போர்ட்ட அனுப்ப முடியுமான்னு மரியாதையா ஒரு மெசேஜ் போடுங்க, பெரும்பாலும் அனுப்புவாங்க. நாலஞ்சு ரிப்போர்ட்ட முழுசா படிச்சு முடிச்சப்புறமும் இந்த வேலைய ரெண்டு வருஷம் செய்யணும்னு கை துறுதுறுன்னு இருந்துச்சுன்னா அப்ளிகேஷன் போட்டுடுங்க.